நெஞ்சுக்குள் ஒரு காற்றுக்குமிழி

நுரையீரலில் 'புல்லா' இருப்பதாக ஸ்கேனில் வந்துவிட்டால், டாக்டர்கள் சொல்லும் அறிவுரைகள் அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். புகை கூடவே கூடாது. விமானம் ஏறும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் மூழ்கும் விளையாட்டெல்லாம் வேண்டாம். வேறு எதற்காவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கும் இதே பாடத்தைத் தில்லி டாக்டர் ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து ஐந்து நிமிஷத்தில் ஒப்பித்தார். என் வலது நுரையீரலின் உச்சியில் ஒரு குமிழி இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. எனவே இது மருத்துவக் கட்டுரை அல்ல. ஆனால் வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒன்று தெரியும். ஒவ்வொரு சர்க்குலருக்குப் பின்னாலும் எங்கோ ஒரு கிளையில் யாரோ பட்ட அடி இருக்கும். 'லாக்கர் சாவியை இப்படித்தான் வைக்க வேண்டும்' என்று ஒரு வரி வந்தால், அப்படி வைக்காத ஒரு மேனேஜர் எங்கோ சஸ்பெண்ட் ஆகியிருப்பார். டாக்டர் சொன்ன அந்த ஐந்து வரிகளுக்கும் அப்படி ஒரு பூர்வீகம் இருக்கத்தானே வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் 200 வருஷத்துக் கதை கிடைத்தது.

முதலில் புல்லா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய சுவர்கள் வழியாகத்தான் பிராணவாயு ரத்தத்துக்குப் போகிறது. அந்தச் சுவர்கள் சிதைந்து பல பைகள் ஒன்றாகி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானால் அதுதான் புல்லா. லத்தீனில் குமிழி என்று பொருள். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. உள்ளே காற்று போகும், ஆனால் அந்தக் காற்றால் உடம்புக்குப் பிரயோஜனம் கிடையாது. எங்கள் பாஷையில் சொன்னால் வாராக்கடன். முதல் மாட்டிக்கொண்டிருக்கும், வட்டி வராது. மார்பின் ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ பிடித்துக்கொண்டால் 'ராட்சத புல்லா' என்கிறார்கள். குமிழி உடைந்து காற்று நுரையீரலுக்கு வெளியே, மார்புக்கூட்டுக்குள் கசிந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். அதற்குப் பெயர் நியூமோதோராக்ஸ். புல்லாக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

நியூமோதோராக்ஸ் என்ற பெயரை 1803-ல் வைத்தவர் பாரிஸைச் சேர்ந்த இட்டார் என்கிற டாக்டர். (அவெய்ரான் காட்டில் பிடிபட்ட, மனிதர்களோடு வளராத ஒரு பையனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க வருஷக்கணக்கில் முயன்றாரே, அதே இட்டார்தான்.) நோயைச் சரியாக வர்ணித்தவர் லேனெக். 1816-ல் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லேனெக். 1819-ல் வந்த அவருடைய புத்தகத்தில் நியூமோதோராக்ஸ் இருக்கிறது, எம்ஃபிசிமாவும் இருக்கிறது. இறந்தவர்களின் நுரையீரலைக் காற்றூதி உலர்த்தி, வெட்டிப் பார்த்து எழுதினார். வெறும் காது, கத்தி, ஒரு மரக்குழல். இவ்வளவுதான் உபகரணம்.

நியூமோதோராக்ஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் காசநோய்க்காரர்கள். ஆனால் வேறு கோளாறு எதுவும் இல்லாத ஆட்களுக்கும் அபூர்வமாக வருகிறது என்பது அந்தக் காலத்திலேயே கவனிக்கப்பட்டது. அந்தச் சின்னக் குறிப்பை அடுத்த 100 வருஷத்துக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், அன்றைய ஐரோப்பாவில் நெஞ்சு நோய் என்றாலே டி.பி.தான். லேனெக்கே 1826-ல், 45 வயதில், டி.பி.யில்தான் போனார்.

இங்கேதான் கதை ஒரு விசித்திரமான திருப்பம் எடுக்கிறது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்த அதே 1882-ல், இத்தாலியில் கார்லோ ஃபோர்லானினி ஒரு யோசனையை எழுதினார். புண்பட்ட நுரையீரல் மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தால் புண் எப்படி ஆறும்? எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கிறோமே, அதுபோல நுரையீரலுக்கும் ஓய்வு கொடுத்தால் என்ன? எப்படிக் கொடுப்பது? விலா எலும்புகளுக்கு இடையே ஊசி ஏற்றி, மார்புக்கூட்டுக்குள் காற்றையோ நைட்ரஜனையோ செலுத்தி, நுரையீரலைச் சுருங்க வைப்பதுதான் வழி. அதாவது, இன்று எது வந்துவிடக் கூடாது என்று நான் ஜாக்கிரதையாக இருக்கிறேனோ, அதை டாக்டரே வேண்டுமென்று உண்டாக்குவது! அமெரிக்காவில் ஜான் மர்ஃபி என்ற அறுவை நிபுணரும் 1898-ல் இதையே தனியாகச் செய்து காட்டினார்.

முதல் உலகப் போருக்குப் பின் இது உலகம் முழுக்கப் பரவியது. செலுத்திய காற்றை உடம்பு மெல்ல உறிஞ்சிவிடும் என்பதால் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குப் பெயரே 'ரீஃபில்'. இரண்டு, மூன்று வருஷம் இப்படி ஓடும். பலருக்கு நுரையீரல் மார்புச்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சுருங்காது. அதற்கும் ஒருவர் வழி கண்டுபிடித்தார். ஸ்டாக்ஹோமின் யாகோபியஸ் 1910-ல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை மார்புக்குள் விட்டுப் பார்த்தார். சில வருஷத்தில் அதே வழியாக ஒட்டுகளைச் சுட்டு அறுக்கவும் ஆரம்பித்தார். இன்று சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு, புல்லாவைத் தைத்து எடுக்கிறார்களே, அந்த ஆபரேஷனுக்குத் தாத்தா இதுதான். பேரனின் வேலை மட்டும் நேர் எதிர். தாத்தா நுரையீரலைச் சுருக்குவதற்காக ஒட்டை அறுத்தார். பேரன் நுரையீரல் இனிமேல் சுருங்கக் கூடாது என்று ஒட்ட வைக்கிறான்.

இந்த இரண்டு வேலையிலும் ஒரே மனிதர் இருந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கனடாவின் நார்மன் பெத்யூன். 1926-ல் அவருக்கே டி.பி. வந்தது. நியூயார்க் மாநிலத்தில் சாரனாக் லேக் என்ற ஊரில் இருந்த ட்ரூடோ சானடோரியத்தில் படுத்துக்கொண்டு, தான் சாகப்போகும் கதையைக் குடிலின் சுவர் முழுக்கப் படமாக வரைந்துகொண்டிருந்தார். பிறகு நெஞ்சு அறுவைச் சிகிச்சைப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, எனக்கு இதைச் செய்தே ஆக வேண்டும் என்று 1927-ல் பிடிவாதமாகக் காற்றேற்றிக்கொண்டார். பிழைத்தார். பிழைத்தவர் தானே நெஞ்சு அறுவை நிபுணராக மாறி, 1935-ல் மார்பு உறைக்குள் டால்க் பவுடர் தூவி நுரையீரலைச் சுவரோடு ஒட்ட வைக்கும் முறையைப் பற்றி எழுதினார். நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதற்கு முன்னேற்பாடாக அவர் அதைச் செய்தார். திரும்பத் திரும்ப நியூமோதோராக்ஸ் வருபவர்களுக்கு இன்று டால்க் போட்டு ஒட்டும் முறை அந்த வழியில் வந்ததுதான். பெத்யூன் பிறகு ஸ்பெயின் போருக்குப் போய், சீனப் போருக்குப் போய், 1939-ல் அங்கேயே இறந்தார். அவர் பெயரால் நடந்த ஆஸ்பத்திரியைப் பின்னால் நடத்தியவர் நம்ம சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ். சாந்தாராம் எடுத்த படத்தைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள்.

நம் பக்கத்திலும் சானடோரியங்கள் வந்தன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-லிருந்து. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்தது. மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்பது ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டில் குரல் தாழும். ஒரு ஆள் அங்கே போனார் என்றால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுப்பதா கொடுப்பதா என்று பேச்சு நின்றுவிடும்.

புல்லாவைத் தனி நோயாகப் பார்க்க வைத்த புத்தகம் 1932-ல் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஹான்ஸ் கியர்கார்ட் என்பவர் எழுதியது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஆட்களுக்குத் திடீரென்று வரும் நியூமோதோராக்ஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு டி.பி. கிடையாது, பின்னாலும் வரவில்லை. நுரையீரலின் மேற்பரப்பில் இருக்கும் சின்னக் கொப்புளங்கள் உடைவதுதான் காரணம் என்றார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அதுவரை அப்படி வந்த ஒவ்வொரு வாலிபனும் டி.பி.க்காரன் என்று முத்திரை குத்தப்பட்டு, மாதக்கணக்கில் படுக்கையில் போடப்பட்டிருக்கிறான். 1937-ல் அமெரிக்காவில் பர்க் என்ற டாக்டர், 35 வயது ஆண் ஒருவருடைய எக்ஸ்ரேக்களில் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதைப் பதிவு செய்தார். 'மறையும் நுரையீரல்' என்று தலைப்பு வைத்தார். ராட்சத புல்லாவுக்கு அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. முதல் தடவை இணையத்தில் அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மருத்துவர்களுக்குத் தலைப்பு வைக்கும்போது நோயாளி ஞாபகம் வருவதில்லை போலும்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. பிறகு நம் சென்னையிலேயே ஒரு பெரிய விஷயம் நடந்தது. 1956-ல் ஆரம்பித்த டி.பி. ஆராய்ச்சி மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. இன்னொரு பாதிக்கு நெரிசலான வீட்டிலேயே அதே மருந்து. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இது ஒரு முக்கியமான காரணம். காற்றேற்றும் ஊசியும் மூலைக்குப் போயிற்று.

ஊசி போயிற்று. 'மேல் நுரையீரலில் ஏதோ ஒன்று தெரிந்தால் அது டி.பி.' என்கிற கண் போகவில்லை. நம் தேசத்தில் டி.பி. அவ்வளவு இருக்கும்போது டாக்டரின் மனசு முதலில் அங்கே போவது இயற்கைதான். டி.பி. ஆறிய இடத்திலும் புல்லா வரலாம் என்பதால் அந்தச் சந்தேகம் தேவையும்கூட. ஆனால் சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே சளிப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது.

2016-ல் நான் நாக்பூரில் இருந்தேன். இருமல் விடவில்லை என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், மேலே வட்டமாகத் தெரிந்ததை 'கேவிட்டி' என்றார். அதாவது டி.பி. அரித்த குழி. சளி எடுக்கவில்லை. அன்றைக்கே மாத்திரை. ஐந்து மாதம் சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வாய்க்கு எதுவும் பிடிக்காது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மகளுக்கு அப்போது ஆறு வயசு. பக்கத்தில் வந்து படுக்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் அம்மாவிடம் சொல்லவில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அதனால் மாமா, சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்தின் பெயரைக் கேட்டால் தாழ்ந்த அதே குரலில் நானும் என் மனைவியும் எங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். அந்த வருஷ மாற்றலில் தில்லி வந்தேன். இங்கே சி.டி. எடுத்தார்கள், சளியில் மரபணுச் சோதனை செய்தார்கள். கிருமி இல்லை. மெல்லிய சுவரோடு சுத்தமான ஒரு குமிழி. டி.பி. குழியாக இருந்தால் சுவர் பெரும்பாலும் தடிப்பாக இருக்கும் என்று கணினித் திரையில் விரல் வைத்துக் காட்டினார் டாக்டர். 1932-ல் டென்மார்க்கில் எழுதப்பட்டது நாக்பூரில் என் தெருவுக்கு வந்து சேர 84 வருஷம் போதவில்லை.

சரி, குமிழி ஏன் வருகிறது? முதல் குற்றவாளி புகைதான். 1987-ல் ஸ்டாக்ஹோமில் கணக்கெடுத்தபோது, புகைக்கும் ஆண்களுக்கு முதல் நியூமோதோராக்ஸ் வரும் வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல 22 மடங்கு இருந்தது. பெண்களுக்கு 9 மடங்கு. இன்னொரு தடயம் 1963-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் கிடைத்தது. லாரெல், எரிக்சன் என்ற இருவர் ரத்தப் புரதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிலருக்கு ஆல்ஃபா-1 என்னும் பட்டை மட்டும் காணவில்லை. அவர்களில் பலருக்கு இளம் வயதிலேயே எம்ஃபிசிமா. நுரையீரலை உடம்பின் சொந்த நொதிகளே கரைத்துவிடாமல் காவல் காக்கும் புரதம் அது. காவல்காரன் பிறவியிலேயே இல்லாத வீட்டில் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புகைக்காமலேயே புல்லா வந்தவர்களிடம் டாக்டர்கள் குடும்பக் கதை கேட்பது இதனால்தான். ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்த பையன்களுக்கு எந்தக் காரணமும் இல்லாமலேயே உச்சியில் கொப்புளம் இருப்பதுண்டு.

சிகரெட் தொடாத நம் பெண்களின் நுரையீரல் கெட்டதை முதலில் எழுதியவர்களில் ஒருவர், தில்லியில் வேலை பார்த்த ஒரு பெண் டாக்டர். எஸ். பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் டாக்டருக்குப் படித்தவர். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது குடும்பத்தோடு தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பிறகு லண்டன், அமெரிக்கா என்று படித்துவிட்டு 1953-ல் தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய நிபுணர். நுரையீரல் கெட்டு, அந்தப் பாரம் தாங்காமல் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிப்போன 127 நோயாளிகளைப் பற்றி அவரும் பாட்டக் என்பவரும் 1959-ல் எழுதினார்கள். புகைக்கும் ஆண்களுக்குத்தானே இது வர வேண்டும்? பெண்களுக்கும் அதே அளவுக்கு வந்திருந்தது. அதுவும் ஆண்களைவிட 10, 15 வருஷம் முன்னதாகவே. அந்தப் பெண்கள் புகைத்தது விறகும் வரட்டியும். மூடிய அறைக்குள், சூலா அடுப்பின் முன்னால், சின்ன வயதிலிருந்து. இன்று 'வீட்டுக்குள் காற்று மாசு' என்று மாநாடு நடத்துகிறார்கள். அதைச் சமையலறையில் போய்ப் பார்த்தவர் அவர். 2020-ல், 103 வயதில், கோவிட்டில் காலமானார். என் அம்மா மரத்தூள் அடுப்பில் சமைத்தவர். தூள் அடைத்து, நடுவே குழவியை உருவி, பற்ற வைத்தால் காலை முழுக்க நின்று எரியும். புகை அடுக்களையை விட்டுப் போகாது. என் குமிழிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் பேசும்போதெல்லாம், கேஸ் தீர்ந்துவிட்டதென்று விறகு மூட்டாதே அம்மா என்று சொல்லத் தவறுவதில்லை.

விமானம், மலை, கடல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர் டாக்டரே அல்ல. 1662-ல் ராபர்ட் பாயில் எழுதிய விதி அது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: அழுத்தம் குறைந்தால் காற்றின் கன அளவு கூடும். பயணிகள் விமானத்துக்குள் அதிகபட்சம் 2,438 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் வரை வைப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637. ஆக, விமானத்தில் உட்கார்ந்திருப்பதென்றால் நுரையீரலுக்கு ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவழியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. வெளியேற வழியில்லாமல் மூடிக்கிடக்கும் காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். பெரும்பாலான புல்லாக்களுக்கு மூச்சுக்குழாயோடு ஏதோ ஒரு வாசல் இருப்பதாலும், விமானம் மெல்ல ஏறுவதாலும், நிறைய பேர் பிரச்சினை இல்லாமல் பறக்கிறார்கள். நானும் வருஷத்துக்கு இரண்டு முறை சென்னை போய் வருகிறேன். ஆனால் நியூமோதோராக்ஸ் வந்து ஆறாதவர் ஏறவே கூடாது. ஆறிவிட்டது என்று எக்ஸ்ரேயில் பார்த்து, அதற்கு மேலும் ஒரு வாரமாவது போக வேண்டும் என்பது வழக்கம். கடலில் கணக்கு இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் மூடிய காற்று இரண்டு மடங்காகிவிடும்.

2023-ல் எங்கள் வங்கியில் லே கிளைக்கு அனுப்ப ஒரு பட்டியல் போட்டார்கள். என் பெயரும் இருந்தது. லே 3,500 மீட்டர். மூடிய காற்று ஒன்றரை மடங்கு. அதோடு பிராணவாயுவும் குறைவு. போதாக்குறைக்கு, பனிக்காலத்தில் அவசரம் என்றால் விமானத்தில்தான் வெளியே வர வேண்டும். டாக்டர் சான்றிதழ் எழுதிக்கொடுத்தார், பட்டியலில் இன்னொருவர் பெயர் ஏறியது. யாரையோ பிடித்து மாற்றிக்கொண்டேன் என்று கிளையில் பேச்சு. எலுமிச்சம்பழத்தைக் காட்டவா முடியும்?

மயக்க மருந்து விஷயம் 1965-ல் எகர், சாய்ட்மன் என்ற இரு மயக்கவியலாளர்கள் கண்டுபிடித்தது. ஆபரேஷன் தியேட்டரில் ரொம்ப காலமாகப் புழங்கிய நைட்ரஸ் ஆக்சைடு, உடம்பில் மூடிக்கிடக்கும் காற்று அறைக்குள் வேகமாக நுழையும். உள்ளேயிருக்கும் நைட்ரஜன் அந்த வேகத்தில் வெளியேறாது. வரவு அதிகம், செலவு இல்லை. சோதனையில் மார்புக்குள் விட்ட காற்று பத்தே நிமிஷத்தில் இரட்டிப்பானது. ஹெர்னியாவோ, பித்தப்பைக் கல்லோ, எதற்குப் படுத்தாலும் முதலில் புல்லாவைச் சொல்லச் சொல்வது இதனால். கூடவே, மயக்கத்தில் இயந்திரம் அழுத்தி ஊதும் காற்றும் குமிழிக்கு ஆகாது.

வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பால்டிமோரில் ஆட்டோ பிராண்டிகன் 1950-களில் எம்ஃபிசிமா நோயாளிகளுக்கு நுரையீரலின் கெட்ட பகுதிகளை வெட்டிப் பார்த்தார். பிழைத்தவர்கள் பலர் நன்றாக மூச்சு விட்டார்கள். ஆனால் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இறந்தார். முறை கைவிடப்பட்டது. 1990-களில் ஜோயல் கூப்பர் அதை மறுபடி எடுத்தார். அமெரிக்க அரசு 1,218 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தியது. 2003-ல் தெரிந்தது இதுதான்: மேல் பகுதியில் மட்டும் கெட்டு, உடல் திறனும் குறைந்தவர்களுக்குப் பலன் உண்டு. நுரையீரல் முழுக்கவே மோசமாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனே எமன். தனிப் புல்லாவுக்கான கணக்கு கொஞ்சம் வேறு. பெரிய குமிழி, அதன் கீழே அமுங்கிய நல்ல நுரையீரல், நாளுக்கு நாள் மூச்சுத்திணறல் என்றால் எடுக்கலாம். சிறியது, தொந்தரவு இல்லை என்றால் பார்த்துக்கொண்டிருப்பதே வைத்தியம். குமிழி பலூன் மாதிரி ஊதி ஊதிப் பக்கத்து வீட்டை நசுக்குகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1989-ல் இங்கிலாந்தில் மோர்கன் குழு அளந்து பார்த்தபோது அப்படி இல்லை. குமிழியின் தளர்ந்த சுவருக்குள் காற்று சுலபமாக முதலில் போய்விடுகிறது. பக்கத்தில் இருக்கும் விறைப்பான நல்ல நுரையீரல் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. குமிழி உள்ளே ஒன்றும் அழுத்தம் ஏறிக் குமுறிக்கொண்டிருக்கவில்லை. இதைப் படித்த பிறகு எனக்குத் தும்மவே பயமாக இருந்தது கொஞ்சம் குறைந்தது.

கடைசியாக ஒன்று, ஊர் ஊராக மாற்றலில் அலையும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு. எக்ஸ்ரேயில் பெரிய புல்லாவும் நியூமோதோராக்ஸும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியலாம். உண்மையிலேயே உடைந்திருந்தால் குழாய் போட வேண்டும், தாமதம் உயிருக்கு ஆபத்து. உடையாத புல்லாவுக்குள் அதே குழாயைச் சொருகினால் அதுவே அதை உடைத்துவிடும். சி.டி. பார்த்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். பழைய படம் ஒன்று கையில் இருந்தால் புதிது எது, முன்பே இருந்தது எது என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். பழக்கமில்லாத ஊரில், ராத்திரி டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு நம் நெஞ்சின் பழைய கணக்கு எப்படித் தெரியும்? என் சி.டி. படங்கள் ஒரு பென்டிரைவில் வண்டிச் சாவியோடு தொங்குகின்றன. அறிக்கையின் போட்டோ மனைவியின் போனில் இருக்கிறது. காய்கறி பேரம் பேசும் அளவுக்கு மேல் ஹிந்தி வராத அவள், ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் தப்பில்லாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். "டாக்டர் சாப், பஹ்லே புரானா சி.டி. தேக் லீஜியே." முதலில் பழைய சி.டி.யைப் பார்த்துவிடுங்கள் டாக்டர் என்று அர்த்தம்.